கனகாம்பர வாசம்

கார் எஞ்சினோடு பெட்ரோல் பம்பைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளில் முன்பக்கத்தது கழன்றுவிட்டது, பின்பக்கத்தது அசையவில்லை. தவசிமுத்து கண்ணை மூடிக்கொண்டு விரலால் அதைத் தேடினான். பார்க்க முடியாத இடத்தில் இருக்கிற போல்ட்டைத் தேடும்போது கண் திறந்திருந்தால் இடைஞ்சல்தான், ஆனால் மூடினால் தூக்கம் வந்து இமைக்குள் மணலாக உட்கார்ந்துகொள்கிறது. நேற்று ராத்திரி பத்து மணிக்கு ஐஸ் கம்பெனிக்குள் போனவன் காலை ஆறரைக்கு வெளியே வந்து, மீன்பிடித் துறைமுகத்து வாசலில் ஒரு டீ, வீட்டில் மூன்று இட்லி, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக வண்டிக்கு வந்துவிட்டான். படுத்தால் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் முழிப்பு வரும், நாலு மணிக்கு உடன்குடிக்குக் கிளம்ப வேண்டும், மனைவி செல்வக்கனியின் அக்கா மகளுக்கு நிச்சயதாம்பூலம், அதற்குள் இந்தப் பம்பும் இரண்டு ரப்பர் ட்யூபும் மாறியாக வேண்டும். மாறாவிட்டால் பஸ்ஸில் போவேன் என்று சொல்லிவிட்டாள், பட்டுச்சேலையோடு பஸ்ஸில், அதுவும் நிச்சயதாம்பூலத்துக்கு, அக்கா வீட்டு வாசலில் போய் இறங்கினால் எல்லோரும் என்ன கேட்பார்கள், வண்டி எங்கே என்று கேட்பார்கள், இவள் என்ன சொல்வாள், பெட்ரோல் நாத்தம் என்பாள், அங்கே யாராவது ஒருத்தர் ஏன் தவசிக்குத் தெரியலையாமா என்று கேட்பார்கள். அதுதான். அந்த ஒரு கேள்வி எங்கிருந்தாவது வந்துவிடக்கூடாது. ஸ்பேனர் நழுவி விரல் முட்டி எஞ்சின் பிளாக்கில் இடித்தது. வலி கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாருக்கோ வந்ததுபோல வந்தது.

உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. செல்வக்கனி அக்கா மகளுக்காகவே ஒரு ரவிக்கையைக் கடைசி நேரத்தில் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள், கொஞ்சம் ஓடும், நிற்கும், துணி திரும்பும், மறுபடியும் ஓடும், கம்பெனியில் கம்ப்ரஸர் ஓடுகிற மாதிரி இல்லை, அது நிற்காது, இருபது வருஷமாக அந்தச் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, வீட்டில் படுத்தாலும் ஓடும். போன ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போகும்போது மாதா கோயில் திருப்பத்தில் அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன இப்படி நாறுது, கொடலப் பொரட்டுது, நிறுத்துங்க." அவன் ஓரமாக நிறுத்தினான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று வாயில் வந்துவிட்டது, அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை. "ஒங்களுக்கு என்ன, மூக்கு அடஞ்சா கெடக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் இறங்கி நின்றுகொண்டாள். அவன் சிரித்தான். சளி என்றான். ராத்திரி முழுக்க ஐஸுக்கு நடுவில் இருந்தால் சளி பிடிக்காதா என்றான். எதைச் சொன்னாலும் அதற்குத் தோதாக ஒன்றைச் சொல்ல மூன்று வருஷத்தில் பழகிவிட்டது. கொரோனாவில் பத்து நாள் காய்ச்சல் கிடந்தான், தெருவில் பாதிப் பேர் கிடந்தார்கள், எல்லோருக்கும் வாசனை போனது, எல்லோருக்கும் ஒரு மாசத்தில், ரெண்டு மாசத்தில் திரும்பி வந்தது, இவனுக்கு மட்டும் வரவில்லை. வரும் என்றார் டாக்டர், வந்துவிட்டதா என்று கேட்டவர்களிடம் வந்துவிட்டது என்று இவனே சொல்லிவிட்டான், அப்போது அது பொய்யாகத் தோன்றவில்லை, நாளைக்கு வரப்போவதை இன்றைக்கே சொல்வதாகத்தான் பட்டது. பிறகு அந்த நாளை வரவே இல்லை. தினமும் குளித்து முடித்ததும் விக்ஸ் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பான், எரிச்சல் மட்டும் ஏறும், வாசனை வராது. சில சமயம் எதுவுமே இல்லாத இடத்தில் ரப்பர் கருகுகிற நாற்றம் ஒன்று மூக்குக்குள் தானாக வந்துபோகும், ஆஹா வந்துவிட்டது என்று எழுந்து உட்காருவான், அது பொய் நாற்றம், யாருக்கும் தெரியாத, அவனுக்கு மட்டும் வருகிற நாற்றம்.

பின் போல்ட் அசைந்தது. கால் சுற்று. அவ்வளவுதான் வேண்டும், அசைந்துவிட்டால் மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். இந்த அம்பாசடருக்கு முப்பத்தெட்டு வயசு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடமிருந்து வாங்கியது, அன்றிலிருந்து இன்றுவரை ஒரு மெக்கானிக் கை இதன்மேல் பட்டதில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த இங்கிலீஷ் மேனுவல் ஒன்றை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ராத்திரி கம்ப்ரஸர் ரூமில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று படித்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன், படங்களில் இருந்த அம்புக்குறியெல்லாம் தனக்கென்றே போட்டதுபோல இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றிச் சட்டியில் போட்டு ஊற வைத்திருக்கிறான், க்ளட்ச் பிளேட் மாற்றியிருக்கிறான், யாரிடமும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டவனுக்குக் கேட்பது கஷ்டம். யாரிடமாவது ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டால் அதுவரைக்கும் தெரிந்த எல்லாமே போய்விடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம், எதற்கு அந்தப் பயம் என்று தெரியாது. வேலைக்கு இறங்குமுன் பேட்டரி வயரைக் கழற்றித் தனியே போட்டிருந்தான், பக்கத்தில் ஒரு வாளி மணல், டேங்கிலிருந்து வருகிற குழாயின் வாயில் ஒரு துண்டுப் பென்சிலைச் சொருகி அடைத்திருந்தான், பீடி பிடிக்கிற பழக்கம் எப்போதும் இல்லை. எல்லாம் முறையாகத்தான் செய்திருந்தான். கழற்றிய பழைய ட்யூப் காலடியில் கிடந்தது, வெளியே செத்த பல்லியின் தோல் மாதிரி வெடித்து, உள்ளே தார் மாதிரி இளகி ஒட்டியது. வளைத்தபோது ஒடிந்தது. இதற்குள்ளாகத்தான் அத்தனை நாளும் பெட்ரோல் ஓடியிருக்கிறது, இதன் வெடிப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சூடான எஞ்சின்மேல் விழுந்திருக்கிறது, பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், கையில் பூக்கூடை, மடியில் பை, அவன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான், திருச்செந்தூர், ஆத்தூர், ஏரல், எவ்வளவு தூரம். எத்தனை நாள். அதை எண்ண ஆரம்பித்தான், எண்ண வேண்டாம் என்று விட்டான்.

முந்தாநாள் ஹமீது பாய் கடைக்கு அந்தப் பழைய ட்யூபின் ஒரு துண்டை வெட்டித்தான் மாதிரிக்குக் கொண்டுபோனான். பழைய வண்டிச் சாமான்கள் விற்கிற கடை, இருட்டுக்குள் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும், பாய் எழுந்திருக்காமலே கையை நீட்டி எதையும் எடுத்துவிடுவார். "இந்த வண்டிக்குச் சாமான் கேட்டு இப்ப ரெண்டு பேருதான் வாராவ அண்ணாச்சி. ஒண்ணு நீங்க, இன்னொண்ணு சினிமா ஷூட்டிங்காரன். அவன்கூட ஒரு சீன்ல எரிச்சுப் போட்டுட்டுப் போயிருவான், நீங்கதான் விடமாட்டேங்கீய." அவன் சிரித்தான். பாய் ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப வார பெட்ரோல்ல ஸ்பிரிட்டுல்லா கலக்கான். பழைய ரப்பர அது தின்னுப்புடும். பம்புக்குள்ள ரப்பர் டயாப்ரமும் போயிருக்கும், பம்போட மாத்திருங்க, இது புது பெட்ரோலுக்குத் தாங்குற ட்யூபு." பிறகு அந்தத் துண்டை மூக்கருகே வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு இவனிடம் நீட்டினார். "மோந்து பாருங்க, சாராயக்கடை கணக்கா இல்ல?" தவசிமுத்து வாங்கி மூக்கருகே வைத்தான். எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, ரொம்ப நேரம் வைத்தால் சந்தேகம், சட்டென்று எடுத்தாலும் சந்தேகம். பாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே முகத்தைச் சுளித்தான். "ஆமா பாய். சாராயமேதான்." எவ்வளவு சுலபம். அவர் முகம் சுளித்தது, இவன் முகம் சுளித்தது. சாம்பார் ஊசிப்போயிருந்தால் செல்வக்கனியின் மூக்கு நுனி சுருங்கும், அதைப் பார்த்தால் போதும். பக்கத்து வீட்டில் கருவாடு சுட்டால் தெருவில் யாராவது சொல்லிவிடுவார்கள். எல்லோருக்கும் முகம் இருக்கிறது, அதைப் பார்த்துப் பார்த்தே மூன்று வருஷம் ஓட்டியாகிவிட்டது. ஒரே ஒரு தடவைதான் வழுக்கியது. எங்கேயோ கல்யாணத்துக்குக் கிளம்பி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றாள், இவன் பனியனோடு பின்னால் நின்றுகொண்டு, நல்லபடியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "பூ வாசம் வீடு முழுக்க வருதே" என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். அது கனகாம்பரம். கனகாம்பரத்துக்கு ஏது வாசம். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், "வயசு அம்பது தாண்டியும் பகடியப் பாரு" என்று தோளில் இடித்துவிட்டுப் போனாள். அன்று பூராவும் அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு போகவில்லை.

புதுப் பம்பை வைத்து, பேக்கிங்கைச் சரிபார்த்து, இரண்டு போல்ட்டையும் ஏற்றினான். ட்யூபின் ஒரு முனை பம்பில், ஒரு முனை டேங்க் குழாயில், பென்சிலை உருவியதும் விரலில் வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, க்ளாம்ப்பை இறுக்கினான். மேலே கார்புரேட்டருக்குப் போகிற ட்யூபுக்கும் அதே மாதிரி. வெயில் முதுகில் ஏறிவிட்டது. சட்டைப் பையில் தீப்பெட்டியும் கந்தகக் குச்சிகளும் குனியும்போதெல்லாம் விலாவில் குத்தின, எடுத்து வைக்க வேண்டும் என்று இரண்டு தடவை நினைத்தான், கை முழுக்கக் கிரீஸ். கந்தகத்தை உருக்கி அதில் பருத்தித் திரியை முக்கிக் காயவைத்தது அந்தக் குச்சி, கொளுத்தினால் நீலமாக எரியும், அம்மோனியா கசிகிற இடத்தில் காட்டினால் குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். கம்பெனியில் எல்லா இடத்திலும் அம்மோனியா ஓடுகிறது, அதுதான் தண்ணீரை ஐஸாக்குகிறது, எங்காவது வால்வில், இணைப்பில் கொஞ்சம் வெளியே வந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும். மற்றவர்கள் வாடை வந்த பிறகு எந்த இடம் என்று பார்க்கத்தான் குச்சியை எடுப்பார்கள். இவன் மூன்று வருஷமாக மணிக்கு ஒருமுறை, வாடை வந்தாலும் வராவிட்டாலும், குச்சியைக் கொளுத்திக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகச் சுற்றி வருகிறான். தவசி அண்ணாச்சி சாமிக்குச் சூடம் காட்டக் கிளம்பிட்டாரு என்பார்கள் ஐஸ் உடைக்கிறவர்கள். காட்டட்டும். தீப்பெட்டிதான் தொந்தரவு, அந்த ஈரத்தில் நமுத்துப்போகும், கம்ப்ரஸர் தலைமேல் கொஞ்ச நேரம் வைத்துச் சூடுபண்ணினால்தான் பற்றும்.

அவன் மூக்குக்குத்தான் அந்த வேலையே கிடைத்தது. முப்பது வயசில் ஐஸ் தூக்குகிற ஆளாக இருந்தான், ஒருநாள் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றவன் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடி, ரெண்டாவது கம்ப்ரஸரில் கசியுது என்றான், ஆபரேட்டர் சிரித்தார், போய்ப் பார்த்தார், கசிந்தது. மேனேஜர் கோயில்பிச்சை அன்றைக்கே அவனைக் கம்ப்ரஸர் ரூமுக்கு மாற்றினார். யாராவது புதியவர்கள் வந்தால் இன்றைக்கும் இவனைக் காட்டுவார், "மெஷினு ஆயிரம் வாங்கலாம்யா, தவசி மூக்குக்கு ஈடு வராது." ஒவ்வொரு நாளும் காலையில் சாவியை ஒப்படைக்கும்போது கேட்பார், "என்ன தவசி, ராத்திரி வாடை கீடை ஏதும் உண்டா?" இவன் சொல்வான், "ஒண்ணும் இல்ல சார்." அது பொய் இல்லை. அவனுக்கு ஒன்றும் இல்லைதானே. கண் எரிந்தால் தெரியும், தொண்டை கமறினால் தெரியும், ஆனால் அதெல்லாம் கடைசியில் வருகிறது, முதலில் வருகிற அந்த மெல்லிசான, ஊசிமுனை மாதிரி வாடை, டீக்கடை வரைக்கும் வந்து அவனைக் கூப்பிட்ட அது, இனிமேல் கூப்பிடாது. கம்ப்ரஸர் ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் மிக்கேல் குடியிருக்கிறான், ஐஸ் தூக்குகிறவன், கம்பெனியே கொடுத்த ஒற்றை அறை, பொண்டாட்டியும் இரண்டு வயசுப் பிள்ளையும், சுவரை ஒட்டித்தான் பாய் போட்டுப் படுப்பார்கள், சுவரின் மேலே காற்றுக்காக விட்ட துவாரம் ஒன்று இருக்கிறது. போன மாசம் விடிகிற நேரம் மிக்கேல் இருமிக்கொண்டே ஓடிவந்தான். "அண்ணாச்சி, வாடை தாங்கல, பிள்ள அழுது, ஒங்களுக்குத் தெரியலையா?" அப்போதுதான் அவன் கண்ணில் நீர் கோத்தது. "தெரியாமலா, அந்த வால்வைத்தான் அடைக்கப் போறேன்" என்றபடி எழுந்தான், எந்த வால்வு என்று தெரியாமல், குச்சியைக் கொளுத்தித் தேடிக் கண்டுபிடித்து அடைத்தான். மிக்கேல் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தான், "நான் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுத்தான் ஓடியாரேன், அண்ணாச்சி மூக்க மீறி ஒரு பொட்டு வெளிய வராதுட்டி, பயப்படாதன்னு." அந்தச் சொல் ஒரு மாசமாக அவனோடு வீட்டுக்கு வருகிறது, சாப்பிட உட்காருகிறது, படுக்கிறது. பயப்படாதட்டி. அண்ணாச்சி இருக்காரு. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாள் காலையிலும் நினைக்கிறான். சொன்னால் மறுநாளே ஐஸ் தூக்கப் போ என்பார்கள், இந்த முதுகோடு எங்கே தூக்குவது, அல்லது வீட்டில் இரு என்பார்கள். அதுகூட இல்லை, சரியாகச் சொன்னால் அது இல்லை. மூக்கு போனால் தவசி என்று சொல்ல என்ன மிச்சம்.

பம்பின் அடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது, எஞ்சினை ஓட்டாமலே கையால் பெட்ரோலை ஏற்றிப் பார்ப்பதற்கு. விரலை உள்ளே விட்டு அதை அழுத்தினான். டக். டக். டக். பம்ப் நிறைந்து கார்புரேட்டர் வரைக்கும் ஏற வேண்டும், நாற்பது ஐம்பது தடவை அழுத்த வேண்டியிருக்கும். டக். டக். இருபது வரை எண்ணினான், பிறகு எண்ணிக்கை தப்பியது, மறுபடியும் ஒன்றிலிருந்து. கண் மூடிக்கொண்டது. கை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடியது, காதுக்குள் இருந்த மெஷினும் அதனோடு சேர்ந்து ஓடியது, இரண்டும் ஒரே சத்தமாக ஆயின. விரலில் குளிர்ச்சி. நல்ல குளிர்ச்சி, முட்டியில் அடிபட்ட இடத்துக்கு இதமாக இருந்தது, இந்த வெயிலில் எங்கிருந்து வருகிறது இந்தக் குளிர்ச்சி என்று நினைப்பதற்குள், வேறெங்கிருந்து, குழாயிலிருந்துதான், அம்மோனியாக் குழாய் எப்போதும் இப்படித்தான் இருக்கும், வெள்ளையாகப் பனி பூத்து, தொட்டால் தோல் ஒட்டும். டக். டக். குளிர்ச்சி மணிக்கட்டுக்கு இறங்கியது. இணைப்பில் இருந்து வருகிறது. இணைப்பில் குளிர்ச்சி கூடினால் என்ன அர்த்தம். பார்க்க வேண்டும். மணி என்ன ஆச்சு, இந்த மணிக்கு இன்னும் சுற்றவில்லையே, சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை படுத்திருக்கிறது. கை நெம்புகோலை விட்டது, துணியில் துடைத்தது, மேலே வந்து சட்டைப் பைக்குள் போயிற்று. குச்சியை எடுத்தது. தீப்பெட்டியை எடுத்தது. எத்தனை ஆயிரம் தடவை எடுத்த கை, அதற்கு அவன் தேவையே இல்லை. தையல் மெஷின் நின்றது. கம்ப்ரஸர் நின்றுவிட்டதே என்று ஒரு ஓரத்தில் தோன்றியது. இடது கையில் கந்தகக் குச்சியைப் பிடித்து, பம்பின் இணைப்பருகே குனிந்து, தீக்குச்சியைக் கிழித்தான். சரக். நமுத்திருந்தது, மருந்து பொடியாக உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்தான்.

"ஏங்க!"

செல்வக்கனி வாசலில் நின்றாள். ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கை மூக்கில் முந்தானையோடு. "என்ன செய்யுதீய? தெருவே நாறுது, உள்ள உக்கார முடியல, என்னத்தக் கொட்டுனீயன்னு பாக்க வாரேன், தீக்குச்சியக் கிழிக்கீயளே, கூறு இருக்கா ஒங்களுக்கு?"

அவன் கையைப் பார்த்தான். தீக்குச்சி இருந்தது. கந்தகக் குச்சி இருந்தது. கீழே பார்த்தான், பழைய எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, அதில் ஒரு தாம்பாளம் அளவுக்கு ஈரம் பளபளத்தது, ட்யூபின் அடி முனையிலிருந்து இன்னும் ஒவ்வொரு சொட்டாக அதில் விழுந்துகொண்டிருந்தது. க்ளாம்ப் இறுகவில்லை. இவ்வளவு பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான், அவள் உள்ளே மெஷினில் உட்கார்ந்தபடி தெரிந்துகொண்டாள். சளி என்று சொல்லலாம். தூக்கக் கலக்கம் என்று சொல்லலாம், அது பாதி நிஜம்கூட. வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. தீப்பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவளிடம் நீட்டினான், அவள் வெடுக்கென்று பிடுங்கிக் காம்பவுண்டுச் சுவருக்கு அப்பால் எறிந்தாள். அது போய் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவன் கந்தகக் குச்சியை மட்கார்டின்மேல் வைத்தான். வைத்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

"கனி," என்றான். "எனக்கு வாடை தெரியாது."

"என்னது?"

"எந்த வாடையும். அந்தக் காய்ச்சல்ல போனது. அப்புறம் வரவே இல்ல."

அவள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். அவனையே பார்த்தாள், தூரத்தில் வருகிற ஆளை யாரென்று பார்ப்பதுபோல. "மூணு வருசமாவா?"

"ம்."

"அப்ப மீன்கொழம்பு மணக்குன்னு சொன்னது?"

"ஒன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுவேன்."

"அப்ப அன்னைக்கு அந்தக் கனகாம்பரம்..." அவளுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி உதடு கோணியது, சிரிப்பு வரவில்லை. "நான் அக்காகிட்ட, எதுத்த வீட்டுல, எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிச்சேனே. எங்க வீட்டுக்காரரு பண்ணுன பகடியக் கேளுங்கன்னு." அவள் அடித்திருந்தால் தேவலை. கத்தரிக்கோலை வாசல்படியில் வைத்துவிட்டு, வாளி மணலை எடுத்துவந்து, அந்த ஈரத்தின்மேல் சுற்றிச் சுற்றிக் கொட்டினாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்குள் குனிந்தாள், இத்தனை வருஷத்தில் இந்த பானெட்டுக்குள் அவள் தலை நுழைந்ததே இல்லை, நுழைய அவன் விட்டதுமில்லை. "எங்கன மோந்து பாக்கணும், காட்டுங்க."

அவன் விரலால் காட்டினான், மேல் ட்யூப், கார்புரேட்டர் முனை. "இங்கன இல்ல," என்றாள். பம்பின் வெளி முனை. "இல்ல." டேங்க் குழாய் சேருகிற இடம். "ஆங், இங்கன. மண்டைக்கு ஏறுது." ஸ்க்ரூ டிரைவரை வைத்து அவன் ஒரு சுற்று இறுக்கினான். "இப்ப?" "இருக்கு." இன்னொரு அரைச் சுற்று. "இப்ப?" அவள் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை மெதுவாக, சின்னச் சின்னதாக இழுத்தாள். மூக்கின் ஓரம் துடித்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் அவள் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்து எடுத்துக்கொண்டதை இப்போது நேராக நின்று வாங்கிக்கொள்வது, தூக்கி வந்த சுமையை வாசலில் இறக்கி வைப்பதுபோல, சந்தோஷம் இல்லை, அசதி இன்னும் கூடியது, ஆனால் இறங்கியது. "இல்ல. போயிட்டு," என்றாள். துணியால் எல்லாவற்றையும் துடைத்தான். மறுபடி நெம்புகோலை அழுத்தினான், டக் டக், அவள் முகர்ந்தாள், இல்லை. இன்னும் ஒரு தடவை. இல்லை. வேலை முடிந்துவிட்டது. நாலு மணிக்கு உடன்குடிக்குப் போகலாம்.

அவள் நிமிரவில்லை. மட்கார்டின்மேல் அவன் வைத்திருந்த கந்தகக் குச்சியை எடுத்துப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோய் முகம் சுளித்தாள். "இது எதுக்கு?"

அவன் சொன்னான். வெள்ளைப் புகை, இணைப்புகள், மணிக்கு ஒரு சுற்று, எல்லாவற்றையும் சொன்னான், சொல்லும்போது அது பரவாயில்லாத ஏற்பாடாகவே அவனுக்குக் கேட்டது.

"மணிக்கு ஒருக்கா," என்றாள் அவள். "அந்த மணிக்கு நடுவுல?"

எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உதறினார்கள். மிக்கேலின் பொண்டாட்டி இந்நேரம் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள். ராத்திரி சுவரை ஒட்டிப் பாயை விரிப்பாள். பயப்படாதட்டி.

"போன எடுங்க."

"தூங்கி எந்திச்சுப் பேசுதேன் கனி. ரெண்டு மணி நேரம். கண்ணு சொக்குது."

"தூங்குனா பேசமாட்டீய. எனக்குத் தெரியாதா." அவளே வீட்டுக்குள் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். "மேனேஜர எந்தப் பேருல போட்டிருக்கீய, சொல்லுங்க."

"கையெல்லாம் பெட்ரோலு."

"நான் பிடிச்சுக்கிடுதேன்."

வண்டியிலிருந்து அவனைப் பத்தடி தள்ளி, வேப்பமரத்து நிழலுக்கு இழுத்துப்போய் நிறுத்தி, எண்ணைத் தட்டி, போனை அவன் காதில் வைத்துப் பிடித்தாள். அவள் வளையல் அவன் கன்னத்தில் பட்டது. ரிங் போனது. எடுக்காமல் இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தான், எடுக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்றும் நினைத்தான். ஐந்தாவது ரிங்கில் கோயில்பிச்சை எடுத்தார், வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"என்னய்யா தவசி, தூங்கலையா? காலைல நீ போவும்போது நான் பாக்கல. என்ன, ராத்திரி வாடை கீடை ஏதும் உண்டா?"

செல்வக்கனி போனைப் பிடித்திருந்த கையை மாற்றவில்லை. அவள் எதையும் முகர்ந்துகொண்டிருக்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது சார்," என்றான் தவசிமுத்து.